பண்டிகையும் பணவிவேகமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சித்திரையில் அட்சய திருதியை, புரட்டாசியில் நவராத்திரி, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல் என ஆண்டு முழுவதும் நம் இல்லங்களில் பணம் கைமாறிக்கொண்டே இருக்க, பதின்ம வயதுப் பிள்ளைகளோ புத்தாடை பெறுவோராகவும் பட்சணம் உண்போராகவும் மட்டுமே நின்றுவிடுகிறார்கள். பொருளறிவு புகட்டப் பண்டிகையைக் காட்டிலும் உசிதமான தருணம் இல்லை. ஆனால் அதற்கு முன், பெரியவர்களாகிய நம்முடைய நம்பிக்கைகள் சிலவற்றை நாமே சோதித்துக்கொள்வது அவசியம்.

நம்பிக்கை: அட்சய திருதியையன்று குன்றிமணித் தங்கமேனும் வாங்கினால் செல்வம் பெருகும்.

உண்மை: அந்நாளின் பிரதான அனுஷ்டானம் தானமே. கோடையின் கடுமையை உத்தேசித்து நீர்க்குடமும் விசிறியும் தயிரன்னமும் வழங்குவது பழைய வழக்கமாயிருக்க, நகைக்கடை வாசலில் வரிசை நிற்பது அண்மைப் பத்தாண்டுகளில் விளம்பரத்தால் தழைத்த சம்பிரதாயம். பில்லைப் பிள்ளையிடம் கொடுத்துக் கணக்கிடச் சொன்னால் விஷயம் விளங்கிவிடும். 50,000 ரூபாய்த் தங்கத்துக்குச் செய்கூலியும் சேதாரமும் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5,000. மொத்தத்தின் மீது 3 சதவீத ஜி.எஸ்.டி. 1,650, ஆகக் கொடுப்பது 56,650. தங்கத்தின் விலை 13 சதவீதத்துக்கு மேல் ஏறிய பிறகே போட்ட முதல் கைக்கு வரும்.

நம்பிக்கை: தீபாவளிச் சீட்டும் வங்கிச் சேமிப்பும் ஒன்றே.

உண்மை: மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும் நியமம் மெச்சத்தக்கதே. ஆயினும், 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டப்படி பதிவு பெற்று ஏலம் நடத்தும் சீட்டு வேறு; தெருவில் அட்டை கொடுத்து வசூலித்துப் பண்டிகைக்கு முன் பட்டாசும் பாத்திரமும் வழங்கும் சீட்டு வேறு. மாதம் 500 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டினால் 6,000. ஆண்டுக்கு 6 சதவீத வட்டியில் சேர்த்திருந்தால் 195 ரூபாய் வட்டி கிடைத்திருக்கும். சீட்டுக்காரர் தரும் உபரிப் பொருள் அந்த 195-ஐ விட எவ்வளவு அதிகம் பெறும் என்பதையும், அந்த உபரிக்காக 6,000 ரூபாயையும் எவருடைய நாணயத்தை நம்பி ஒப்படைக்கிறோம் என்பதையும் பிள்ளை எடைபோடட்டும்.

நம்பிக்கை: பூஜை நாளில் பிள்ளைகள் முன்னிலையில் வரவு செலவு பேசலாகாது.

உண்மை: சரஸ்வதி பூஜையன்று பாடப்புத்தகத்தோடு கடையின் கணக்குப் புத்தகத்தையும் அடுக்கிச் சந்தனமிட்டு வணங்கும் மரபு நம்முடையது. குஜராத்தி வணிகர்கள் தீபாவளியன்று புதுக் கணக்கேட்டுக்குப் பூஜை செய்கிறார்கள்; பம்பாய்ப் பங்குச் சந்தையும் 1957 முதல் அப்பண்டிகையில் முகூர்த்த வர்த்தகம் நடத்தி வருகிறது. அம்முகூர்த்தம் லாபத்துக்கு உத்தரவாதம் அன்று. ஆனால் கணக்கு தெய்வ சந்நிதியில் வைக்கத்தக்கது என்பதற்கு அது சாட்சி.

நம்பிக்கை: விசேஷத்துக்குக் கடன் வாங்குவதில் தோஷமில்லை, ஏழுமலையானே வாங்கினாரே!

உண்மை: ஐதீகத்தில் பாதியைச் சொல்லிப் பாதியை விடுவது நியாயமன்று. பத்மாவதியை மணக்கக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு அப்பெருமான் கலியுகம் முழுவதும் வட்டி செலுத்துவதாகவும், உண்டியல் காணிக்கை அதற்கே போவதாகவும் அல்லவா பக்தர்கள் சொல்கிறார்கள்? புரட்டாசியில் மஞ்சள் துணியில் காசு முடியும்போது, மானிடர் கடனையும் பிள்ளைக்கு விளக்கலாம்: நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்னும் ‘இரண்டு வட்டி’ ஆண்டுக்கு 24 சதவீதமாகும், வட்டியையும் கட்டாமல் அசலோடு சேரவிட்டால், மூன்றாண்டு நிறையுமுன்னே கடன் இரட்டிப்பாகிவிடும்.

நம்பிக்கை: பெரியோர் தரும் பண்டிகைக் காசைப் பெற்றோரே வாங்கி வைப்பது உத்தமம்.

உண்மை: 10 வயது நிரம்பிய சிறார் தாமே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க, வரம்புகளுடன் வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே தெரிவித்துவிட்டது. ஆகவே காசையும் கணக்கையும் பிள்ளையிடமே விடுவதோடு, அடுத்த தீபாவளிக்கு ஜவுளியோ பட்டாசோ ஏதேனும் ஒரு செலவினத்தை முழுவதும் அவன் அல்லது அவள் பொறுப்பில் ஒப்படைத்து, மிஞ்சினால் அது பிள்ளைக்கே என்றும், குறைந்தால் ஈடுசெய்யப்படாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு குறுக்கிடாதிருங்கள்.