சிங்கவரத்துப் பெருமாள் முகம் திருப்பினாரா?

நம்பிக்கை: போருக்குக் கிளம்பிய செஞ்சி மன்னன் தேசிங்குராஜன், அருகிலுள்ள சிங்கவரத்துக் கோயிலுக்கு வந்து உத்தரவு கேட்டான். "இன்று போகாதே" என்றார் ரங்கநாதர். அவன் கேட்கவில்லை. அவன் சாவதைக் காணப் பொறுக்காமல் பள்ளிகொண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செஞ்சிப் பக்கம் இதைச் சொல்லாத வீடு இருக்காது.

உண்மை: சிங்கவரத்துக் கோயில் ஒரு குடைவரை; பல்லவர் காலத்தது. தேசிங்கு களத்தில் விழுந்தது 1714 அக்டோபர் 3. இடையில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையிலும் பாம்பணைப் பெருமாள் உண்டு. காலடியில் அசுரர்கள் மதுவும் கைடபனும் மிரட்டி நிற்க, அவர் முகத்தில் சலனமே இல்லை. அது யோகநித்திரை. சிங்கவரத்துச் சிற்பியும் அந்த உறக்கத்தைத்தான் செதுக்கினான். துக்கம் பிறகு வந்து சேர்ந்தது.

அந்தத் துக்கம் எங்கிருந்து வந்தது? தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொல்கிறது. அழுகையின் காரணங்களில் ஒன்று இழவு. பெருமிதத்தின் காரணங்களில் ஒன்று தறுகண், அதாவது அஞ்சாமை. தேசிங்கு கதையில் இரண்டும் ஒரே உடலில் சேர்ந்துவிடுகின்றன. சாகும்போது அவனுக்கு இருபத்திரண்டு வயதுதான் என்பார்கள். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் ஊர் அவனுக்காக அழுதது. அந்த அழுகையில் தன் தெய்வத்தையும் சேர்த்துக்கொண்டது. கல்லின் வயதைச் சொல்வதால் இந்த அன்பு சிறுத்துவிடாது.

நம்பிக்கை: தேசிங்கு நெடுங்காலம் ஆண்ட தமிழ் மன்னன்; மதத்துக்காகப் போரிட்டான்.

உண்மை: அவன் புந்தேல ராஜபுத்திரன், பெயர் தேஜ்சிங். தந்தை சொரூப்சிங், ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டைக்கு அமர்த்தப்பட்டவர். மகன் ஆண்டது சில மாதங்களே. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு மூண்ட சண்டைக்குக் காரணம் கப்பப் பாக்கி. தேசிங்குக்காக உயிர்விட்ட நண்பன் மகபத்கான் ஒரு முஸ்லிம்.

நம்பிக்கை: ராணி மனமுவந்து தீயில் இறங்கினாள்.

உண்மை: செட்டிக்குளக் கரையில் தேசிங்கை எரியூட்டியபோது இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் மனத்தில் இருந்தது பெருமிதம் என்பது பாடியவர்களின் சொல். அச்சமும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றுதான். அவளுக்கு மட்டும் அதை யாரும் பாடவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கிற இடம் இதுவே. 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் உடன்கட்டை தடைசெய்யப்பட்டது. தடையை எதிர்த்தவர்களும், பெண்கள் விரும்பித்தான் ஏறுகிறார்கள் என்றே வாதாடினார்கள். அவர்கள் செய்த மேல்முறையீட்டை 1832இல் லண்டன் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தது.