வீட்டுப் பொருள்களில் விளக்குக் கூடு: திருவனந்தபுரம் காட்டும் வழி

திருவனந்தபுரம் நகரில் பொது மின் வழங்கல் 1929-ஆம் ஆண்டில் தொடங்கியது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கிய பின்னர் திருவிதாங்கூரின் பிற பகுதிகளுக்கும் மின்சாரம் பரவியது. மின்விளக்கு எங்கு சென்றதோ அங்கெல்லாம் ஒரு சிறு சிக்கலும் உடன் சென்றது. எண்ணெய் விளக்கின் சுடரைக் கண் கூசாமல் நோக்க இயலும். மின் பல்பை அவ்வாறு நோக்க இயலாது. ஆகவே பல்பின் ஒளியை மறைத்து, திருப்பி, மென்மையாக்கித் தரும் ஒரு மூடாக்கு தேவைப்பட்டது. அதுவே விளக்குக் கூடு. வசதி படைத்தோர் இல்லங்களில் பால்நிறக் கண்ணாடியும் பட்டுத் துணியும் அப்பணியைச் செய்தன. ஏனையோர் வீடுகளில் பல்பு அரைநூற்றாண்டுக் காலம் வெறுமனே தொங்கியது.

வீட்டில் கிடைக்கும் தாள், நார், ஓலை ஆகியவற்றைக் கொண்டு கூடு செய்துகொள்ள மக்கள் அறியாதவர்கள் அல்லர். கிறிஸ்துமஸ் காலத்தில் கேரளத்து வீட்டு வாயில்களில் தொங்கும் தாள் நட்சத்திரங்களும், இலங்கையில் வெசாக் நாளன்று மூங்கிற் சிம்பாலும் வண்ணத் தாளாலும் செய்யப்படும் கூடுகளும் இதற்குச் சான்று. ஆயினும் அவை சில இரவுகளுக்கு மட்டுமே உரியவை. நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரியும் விளக்கின்மீது தாளைக் கவிழ்க்க எவரும் துணியவில்லை. அந்த அச்சம் நியாயமானதே.

வெப்பம் விலகியது

இழை பல்பினுள் இருக்கும் டங்ஸ்டன் கம்பி ஏறத்தாழ 2,500 செல்சியஸ் பாகை வரை சூடேறி ஒளி தருகிறது. அது உட்கொள்ளும் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. கண்ணுக்குப் பயன்படும் ஒளியாக மாறுவது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. 60 வாட் பல்பின் கண்ணாடி, நீர் கொதிக்கும் நிலையையும் கடந்து சூடாகும். அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள் முதலில் மஞ்சளாகும், பின் கருகும்; நார் என்றாலோ தீப்பற்றவும் கூடும். எனவே உலோகமும் கண்ணாடியும் மட்டுமே கூட்டுக்கு ஏற்றவை என்ற நிலை நீண்ட காலம் நீடித்தது.

எல்.இ.டி. பல்பு இந்நிலையை மாற்றிவிட்டது. 60 வாட் இழை பல்பு தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு முன்னது 109.5 யூனிட்டும் பின்னது 16.4 யூனிட்டும் செலவிடும். மின் கட்டணத்தில் ஏற்படும் இச்சேமிப்பைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அதே மாற்றம் ஒரு கைத்தொழிலுக்கும் கதவைத் திறந்தது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. மைய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கப்பட்டது. கேரள அரசு 2018-இல் இழையற்ற கேரளம் என்னும் திட்டத்தை அறிவித்தது. 2020-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அவ்வாண்டு நவம்பர் முதல் இழை பல்புகளின் விற்பனையைத் தடை செய்யும் முடிவும் வெளியிடப்பட்டது. தாளும் தாழையோலையும் கயிறும் விளக்கின் அருகே வர இடம் கிடைத்தது இவ்வாறுதான்.

எல்.இ.டி. பல்பு சூடாவதே இல்லை என்று கருதுவது பிழை. அதன் வெப்பம் ஒளிரும் குமிழில் அன்றி அடிப்பகுதியில், மின்னணுச் சுற்று உள்ள இடத்தில் திரள்கிறது. அவ்விடத்தை முற்றிலும் மூடினால் தீ மூளாது போயினும் பல்பின் ஆயுள் குறையும். ஆகையால் எந்தக் கூடானாலும் மேலும் கீழும் காற்றுச் செல்ல வழி விட்டே அமைக்க வேண்டும்.

கைக்கெட்டும் பொருள்கள்

திருவனந்தபுரம் மாவட்டம் இத்தொழிலுக்கு இயல்பாகவே வாய்ப்பான இடம். ஆற்றிங்கல், நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் தேங்காய்ச் சிரட்டையில் பித்தளை வேலைப்பாடு செய்யும் கைவினைஞர்கள் உள்ளனர். இவ்வேலைப்பாடு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் கொட்டாங்குச்சி எனப்படுவதைக் குமரி மாவட்டத்தார் இன்றும் சிரட்டை என்றே வழங்குகின்றனர். 1956 நவம்பர் 1 வரை இரு பகுதிகளும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன அல்லவா! கடலோர அஞ்சுதெங்கு, கயிறு வணிகத்தில் தன் பெயரையே ஒரு தரத்துக்கு அளித்த ஊர். அங்குத் திரிக்கப்பட்ட இறுக்கமான, சீரான கயிற்றுப்புரியை வணிகர்கள் அவ்வூர்ப் பெயராலேயே குறிப்பிட்டனர். தேங்காய் மட்டையைக் காயல் நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அடித்து, நாரெடுத்துத் திரிக்கும் அவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்தனர்.

கழிவை அழகுப் பொருளாகக் காணும் நோக்கும் இந்நகருக்குப் புதிதன்று. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இங்குக் குடியேறி, 1970-களின் முற்பகுதியில் உள்ளூரில் அமைந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களைச் செங்கல் துளைச் சுவர்களால் எழுப்பினார். பிறர் எறிந்த வண்ணப் புட்டிகளைச் சுவரிற் பதித்து, பகலொளி அவற்றினூடே அறைக்குள் வரச் செய்தார். துளை வழியே ஒளியை அளந்து விடும் அதே கருத்தே சிரட்டைக் கூட்டிலும் செயற்படுகிறது.

ஒன்றை மட்டும் விலக்குதல் நன்று. நெகிழிக் கரண்டிகளையும் ஒருமுறைப் பயன்பாட்டுக் குவளைகளையும் ஒட்டிக் கூடு செய்யும் முறை பரவலாகக் காணப்படுகிறது. கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் இத்தகைய பொருள்களில் பலவும் தடை செய்யப்பட்டுள்ளன. பயன்படுத்திய பொருளை மறுபடி பயன்படுத்துவது வேறு. கூடு செய்வதற்கென்றே நூறு கரண்டிகளைப் புதிதாக வாங்குவது வேறு.

செய்முறை

முதலில் சிரட்டை. தேங்காயைக் குறுக்கே உடைத்தால் கண்கள் உள்ள பாதியே மேற்கூடாகப் பயன்படும். மூன்று கண்களில் மென்மையானதைக் குத்தித் திறந்து, மின்கம்பி நுழையுமளவுக்கு அகலப்படுத்தலாம். இயற்கையே ஒரு துளையைத் தந்திருக்கிறது. வெளிப்புற நாரை உடைந்த கண்ணாடித் துண்டாலோ கத்தியாலோ சுரண்டி, முதலில் பருமனான, பிறகு நுண்மையான உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடாதலின் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் இன்றியமையாதது. பென்சிலால் கோலப் புள்ளிகளைப் போலக் குறித்துக்கொண்டு 3 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, இறுதியில் சிறிது தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தால் சிரட்டை கருங்காலி போல் மின்னும். அரைச் சிரட்டையின் ஆழம் சில அங்குலமே. 9 வாட் பல்பு அதற்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆதலால் அரை வாட் அளவுள்ள இரவு விளக்குக்கே இது பொருந்தும். படிக்கும் மேசைக்கு இதனைப் பரிந்துரைப்பது அறியாமை.

படிக்கும் மேசைக்கு ஏற்றது கயிற்றுக் கூடு. பழுதடைந்த மேசை விசிறியின் முன்பக்கக் கம்பி வலை இதற்கு எலும்புக்கூடாக அமையும். வலையின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, கம்பிகளின் மேலும் கீழுமாகக் கயிற்றுப்புரியைப் பின்னிச் செல்ல வேண்டும். கம்பிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஒரு சுற்றில் மேலே சென்ற புரி அடுத்த சுற்றில் கீழே செல்லும். இரட்டைப்படையாக இருந்தால் ஏதேனும் இரு கம்பிகளைச் சேர்த்துக் கட்டி ஒன்றாகக் கொள்க. கூடை முடைவோர் அனைவரும் அறிந்த கணக்கு இது.

பலூன்மீது நூல் சுற்றிச் செய்யும் உருண்டைக் கூடு சிறுவர்களுக்கும் எளிது. ஆனால் இதற்குக் கயிற்றுப்புரி ஆகாது. அதன் முனைகள் பலூனைக் குத்திவிடும். பருத்தி நூலோ மென்மையான சணலோ போதும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள பலூனில் 60 சுற்றுக்கு ஏறத்தாழ 47 மீட்டர் நூல் தேவை. நீர் கலந்த வெள்ளைப் பசையில் நூலைத் தோய்த்து எல்லாத் திசைகளிலும் சுற்றி, மேலும் கீழும் கை நுழையுமளவு இடம் விட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாளில் காயும். இடவப்பாதி மழையில் மூன்று நாள் ஆனாலும் வியப்பில்லை. நன்கு விறைத்த பின்னரே பலூனை உடைக்க வேண்டும். அவசரப்பட்டால் உருண்டை அமுங்கிவிடும்.

மைதாப் பசை மலிவுதான். ஆயினும் ஈரப்பதம் மிகுந்த இக்கடற்கரை நகரில் அது பூசணத்துக்கும் கரப்பானுக்கும் விருந்தாகிவிடும். புத்தகம் கட்டுவோர் பசை காய்ச்சும்போது சிறிது மயில்துத்தம் சேர்ப்பதன் காரணம் இதுவே. அது நஞ்சாகையால் சமையற் பாத்திரத்தில் காய்ச்சுவதும் குழந்தைகள் கையில் கொடுப்பதும் கூடாது.

ஒளியும் மின்காப்பும்

கூடு அழகாக இருந்து அறை இருண்டுவிடுமானால் வீட்டார் அடுத்த மாதமே பெரிய பல்பை மாட்டுவர். மின் சேமிப்பு அங்கேயே மறைந்துவிடும். சிரட்டை, கயிறு இவற்றின் உட்புறம் பழுப்பு நிறமாதலால் ஒளியைப் பெரிதும் விழுங்கிவிடும். உட்புறத்துக்கு வெள்ளை வண்ணம் பூசுவதோ வெள்ளைத் தாள் ஒட்டுவதோ இதற்கு எளிய தீர்வு. ஜப்பானில் கிபு நகரத்துத் தாள் விளக்குகளைக் கண்ட சிற்பி இசாமு நோகுச்சி 1951-இல் வடிவமைக்கத் தொடங்கிய விளக்குகள் இன்றும் உலகெங்கும் விற்பனையாகின்றன. மூங்கிற் சிம்பின்மீது முசுக்கட்டை மரப்பட்டைத் தாளை ஒட்டியவையே அவை. வெண்மையான தாள் ஒளியை மறைக்காமல் பரப்புவதே அவற்றின் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

மின்கம்பியில் சிக்கனம் வேண்டாம். பழைய கம்பியை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துவதைவிட இந்தியத் தர முத்திரை பெற்ற புதுக் கம்பியும் ஹோல்டரும் வாங்குவதே முறை. கூட்டின் எடையை மின்கம்பி தாங்கலாகாது; அதற்கெனத் தனிக் கயிறோ சங்கிலியோ அமைத்தல் வேண்டும். விசிறி வலை போன்ற உலோகச் சட்டத்தைப் பயன்படுத்துமிடத்து, கம்பியின் உறை எவ்விடத்திலும் உலோகத்தில் உராயாதவாறு காத்தல் மிகமிகத் தேவை. கூரைப் புள்ளியுடன் இணைக்கும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரியது.

விலை கணிக்கும் முறை

வீட்டுக்கென ஒன்று செய்துகொள்வோருக்கு இதுவரை கூறியதே போதும். சுயஉதவிக் குழுக்கள் விற்பனைக்குச் செய்யும்போதுதான் பொருளியல் வினா எழுகிறது. வீட்டில் கிடைக்கும் பொருள், ஆகவே செலவில்லை என்னும் வாதம் பயிற்சி முகாம்களில் அடிக்கடி கேட்கப்படும் ஒன்று. சிரட்டைக்கு விலை இல்லை என்பது சரியன்று. சிரட்டைக் கரியிலிருந்து செய்யப்படும் கிளர்வுற்ற கரி நீரைத் தூய்மையாக்கவும் தங்கம் பிரித்தெடுக்கவும் பயன்படும் ஏற்றுமதிப் பொருள். ஆகவே சிரட்டைக்குக் கரி ஆலைகள் விலை கொடுக்கின்றன. நல்ல சிரட்டையைக் கூட்டுக்கு எடுக்கும்போது அவ்விலையை இழக்கிறோம்.

அதைவிடப் பெரிய மறதி உழைப்பைப் பற்றியது. எடுத்துக்காட்டாக, ஒரு கயிற்றுக் கூட்டுக்குப் பொருட்செலவு 150 ரூபாய், உழைப்பு 5 மணி நேரம், விற்பனை விலை 300 ரூபாய் என்று கொள்வோம். கணக்கேட்டில் 150 ரூபாய் இலாபம் என்று எழுதப்படும். உண்மையில் அது இலாபமன்று, கூலி. அதுவும் மணிக்கு 30 ரூபாய். 2025-26-ஆம் நிதியாண்டுக்குக் கேரளத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 369 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது; எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு 46 ரூபாய். மண் வெட்டும் வேலைக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த கூலிக்குக் கலைப்பொருள் செய்யும்படி பெண்களை ஊக்குவிப்பதை வளர்ச்சிப் பணி என்று அழைக்கலாமா என்பதைத் திட்ட அலுவலர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேற்கண்ட கூலியை ஈடுசெய்ய அக்கூட்டின் விலை 380 ரூபாயாவது இருக்க வேண்டும். கடைக்காரரின் பங்கு அதற்கு மேல்.

அவ்விலை எங்குக் கிடைக்கும்? சாலைக் கடைத்தெருவில் ஆலையில் செய்த கூடு அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தால், அங்குப் போட்டியிடுவதால் பயனில்லை. 1968-இல் நிறுவப்பட்ட கேரள மாநிலக் கைவினை வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை நிலையங்கள், 2021-இல் கோவளத்தை அடுத்த வெள்ளாறில் திறக்கப்பட்ட கலை மற்றும் கைவினைச் சிற்றூர் போன்ற இடங்களுக்கு வரும் வாங்குவோர் வேறு வகையினர். அவர்கள் கைவேலைக்காகவே விலை கொடுப்பவர்கள். உணவகங்களும் தங்கும் விடுதிகளும் ஒரே வடிவில் இருபது, முப்பது கூடுகளை ஒருசேரக் கேட்கும். அளவும் நிறமும் மாறாமல் அத்தனையையும் குறித்த நாளில் தர ஒரு குழுவால் இயலுமா என்பதை முதற் கடன் வழங்குவதற்கு முன்னரே, ஒரு மாதிரி உத்தரவைக் கொடுத்து, அதுவும் மழைக்காலத்தில் கொடுத்து, அறிந்துகொள்ளலாம்.