டிவியை முதலில் வாங்கு, பலகையை அப்புறம் அறு

வீட்டிலேயே ஆர்கேட் கேபினெட் செய்யக் கிளம்பும் தம்பி, தங்கச்சிகள் முதலில் போய் நிற்பது பிளைவுட் கடையில். அடுத்தது ஜாய்ஸ்டிக், கலர் கலராகப் பட்டன். டிவி என்ன என்று கேட்டால் மட்டும், “பரணில் பழசு ஒண்ணு கிடக்குக்கா, அதை உள்ளே தள்ளிடலாம்” என்பார்கள். பரணில் கிடப்பதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அதற்கும் வருகிறேன். ஆனால் பெட்டியின் அகலம், ஆழம், சாய்வு, காற்று போக வழி, ஒயர் போக வழி எல்லாமே திரையைப் பொறுத்துத்தான் அமையும். அது வீட்டுக்குள் வந்து சேரும்வரை எந்தப் பலகையிலும் ரம்பம் வைக்காதே.

32 இன்ச் என்று எழுதியிருப்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் ஏறக்குறைய 71 செ.மீ., உயரம் 40 செ.மீ. சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் மாடலுக்கு மாடல் மாறும். அதோடு இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் சேர்ந்தால் வெளி அகலம் 76 செ.மீ.யைத் தொட்டுவிடும். இரண்டரை அடிக் கதவின் மொத்த அகலமே அவ்வளவுதான். பெட்டியைத் திருப்பி நுழைக்கலாம் என்றால் ஆழமாவது அதற்குள் அடங்க வேண்டும். டேப்பை எடுத்து டிவியை அளக்கும்போதே கதவையும் அளந்துவிடு.

அடுத்து, எந்த விளையாட்டுக்காக இந்தப் பெட்டி? 1980-ல் வந்த பேக்மேன், 1981-ல் வந்த கேலகா, டாங்கி காங் எல்லாம் நெட்டுக்குத்தாக நிறுத்திய திரைக்காக எழுதப்பட்டவை. பேக்மேனின் படம் அகலத்தில் 224 புள்ளி, உயரத்தில் 288. கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991), நம்மூர்ப் பையன்களுக்கு ‘முஸ்தபா’வாகவே தெரிந்த காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் (1993) இரண்டும் படுக்கைவாக்குத் திரைக்கானவை: 384-க்கு 224. நின்றாலும் படுத்தாலும் அந்தக் காலத்துத் திரையின் விகிதம் 4:3. இப்போது கடையில் இருப்பதெல்லாம் 16:9.

அதனால் கணக்கு போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 32 இன்ச் டிவியைச் சாதாரணமாகப் படுக்கைவாக்கில் வைத்தால், முஸ்தபா 53 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமுமாக வரும். அது பழைய கணக்கில் 26 இன்ச் டிவி. அதே டிவியில் பேக்மேன் 40 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம். குறுக்களவு 50 செ.மீ., அதாவது இருபது இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. அசல் பேக்மேன் மெஷினில் இருந்ததும் 19 இன்ச் திரைதான். ஆக, பேக்மேனுக்காகத் திரையைச் சுழற்றும் கம்பி, பேரிங் என்றெல்லாம் மெனக்கெட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கறுப்பைப் பொறுக்க முடியாமல் வீட்டில் யாராவது ரிமோட்டில் ‘வைட்’ என்று அழுத்துவார்கள். பேக்மேன் பூசணிக்காய் ஆகிவிடும். ரிமோட்டை ஒளித்து வை.

43 இன்ச் ஆஃபரில் கிடைக்கிறது என்று ஆசைப்படாதே. கேபினெட் முன்னால் நிற்பவர் திரையிலிருந்து இரண்டடி, இரண்டரை அடி தூரத்தில்தான் இருப்பார். அந்தத் தூரத்தில் 43 இன்ச் என்றால் மேல் மூலையில் ஸ்கோர், கீழ் மூலையில் உயிர் எண்ணிக்கை என்று கண்ணும் கழுத்தும் அலைய வேண்டியிருக்கும்.

மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டி என்றால் டிவியே வேண்டாம். ஆபீஸ்களிலிருந்து கழித்த 19 இன்ச் சதுர மானிட்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் செகண்ட்ஹேண்டில் கிடைக்கும். அதன் விகிதம் 5:4 என்பதால் 4:3 படம் மேலும் கீழும் மெல்லிசாக ஒரு கோடு விட்டு நிறைந்து வரும். 1600-க்கு 1200 புள்ளி உள்ள 20 இன்ச் மானிட்டர் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடு. 240 வரிப் படத்தை அது சரியாக ஐந்து மடங்காக்கும். 768 வரி உள்ள டிவியில் 224 வரிப் படத்தை முழுசாக நிரப்பினால் மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சில வரி தடியாக, சில வரி மெல்லிசாக, படம் நகரும்போது அலை அடிக்கும். முழு மடங்கில் மட்டும் பெரிதாக்கு என்று, பழைய விளையாட்டை ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளில் ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டால் படம் கொஞ்சம் சின்னதாகும், ஆனால் அலை நிற்கும். 1080 வரி டிவி என்றால் நான்கு மடங்கு, 896 வரி. எனக்கு அது போதும்.

அளவையும் தெளிவையும் விட அதிகம் தொந்தரவு தருவது வேறு ஒன்று. கடைக்காரர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்: ஸ்விட்சைப் போட்டால் டிவி தானாக எழுந்திருக்குமா?

கேபினெட் என்றால் ஒரே ஸ்விட்ச். அதைத் தட்டினால் விளையாட்டை ஓட்டும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர், மேலே பெயர்ப்பலகை விளக்கு, டிவி நாலும் ஒன்றாக எரிய வேண்டும். ஆனால் இன்றைய டிவிகள் பலவும் கரண்ட் வந்ததும் சின்னதாகச் சிவப்பு விளக்கு மட்டும் காட்டி ஸ்டேண்ட்பையில் உட்கார்ந்துகொள்ளும். ரிமோட்டை அழுத்த வேண்டும். ரிமோட் கதிரை வாங்கும் கண்ணோ, நீ அழகாக ஒட்டிய கறுப்பு அட்டைக்குப் பின்னால்! அடிக்கடி கரண்ட் போய் வரும் ஊரில் ஒவ்வொரு தடவையும் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நிற்பாயா?

அதனால் கடையிலேயே சோதித்துப் பார். டிவியை எச்டிஎம்ஐ படத்தோடு ஓடவிட்டு, ரிமோட்டைத் தொடாமல் சுவர் ஸ்விட்சை அணை. அரை நிமிடம் கழித்துப் போடு. தானாக எழுந்து, அதே எச்டிஎம்ஐ-க்கு வந்து நின்றால் பாதிக் கவலை தீர்ந்தது. சில டிவிகளில் ‘பவர் ஆன்’ நிலையைத் தேர்ந்தெடுக்கும் செட்டிங் மெனுவிலேயே இருக்கும். சிலவற்றில் ‘ஹோட்டல் மோட்’ என்ற தனி மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் எச்டிஎம்ஐ வழியாகவே டிவியை எழுப்பும் சிஇசி வசதி இருக்கிறதா பார். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது. ராஸ்பெர்ரி பைக்கு அந்தச் சிக்னலை அனுப்பத் தெரியும். இதுவும் நடக்காத டிவியில் பவர் பட்டனிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து வெளியே ஒரு பட்டன் வைப்பார்கள். வேலை செய்யும், வாரண்டி போய்விடும்.

ஸ்மார்ட் டிவி இந்த விஷயத்தில் இன்னும் மோசம். அது எழுந்து, முகப்புப் பக்கம் காட்டி, எதையாவது பார்க்கச் சொல்லி விளம்பரம் நீட்டி, அப்புறம்தான் உன் விளையாட்டுக்கு வரும். வேறு வழியில்லாமல் அதையே வாங்கினால் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காதே. ஸ்மார்ட் இல்லாத சாதா எல்இடி இன்னும் விற்கிறார்கள். கொஞ்சம் ஏளனமாகப் பார்த்தாலும் எடுத்துத் தருவார்கள்.

அடுத்தது தாமதம். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் கை ஓங்குவதற்கும் நடுவில் டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று நேரம் எடுத்துக்கொள்ளும். இந்த விளையாட்டுகள் நொடிக்கு ஏறக்குறைய 60 படம் காட்டுபவை. ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். மெருகேற்றும் வேலையெல்லாம் ஓடும் டிவியில் தாமதம் 50 மில்லிசெகண்டைத் தாண்டுவது சகஜம். மூன்று படம் போய்விட்டது. பேக்மேன் திரும்ப வேண்டிய சந்தைத் தாண்டி ஓடிவிடுவான், நீ ஜாய்ஸ்டிக்கைத் திட்டுவாய். ‘கேம் மோட்’ இருக்கும் டிவியாகப் பார். அதைப் போட்ட பிறகும் அசைவை வழுவழுப்பாக்கும் செட்டிங், படத்தில் ‘நாய்ஸ்’ குறைக்கும் செட்டிங் இரண்டும் அணைந்திருக்கிறதா என்று சரிபார். அட்டையில் பெரிதாக அச்சடித்த ‘ரெஸ்பான்ஸ் டைம்’ இந்தத் தாமதத்தைச் சொல்வதில்லை. புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம்தான் அது. உண்மையை அறிய போன் கேமரா போதும். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி எடு. விரல் பட்டனை அழுத்தியதிலிருந்து திரை அசையும்வரை எத்தனை படம் என்று எண்ணு. ஒவ்வொன்றும் 4 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். விளையாட்டும் பட்டன் போர்டும் எடுக்கும் நேரமும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால் இரண்டு திரைகளை ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைப்பாய், ஆட்கள் நின்றபடி மேலிருந்து பார்ப்பார்கள், இரண்டு பேர் ஆடினால் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். ஆகவே பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல் நல்லது. பழைய டிஎன் பேனல் மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் இடது பக்கம் நிற்பவருக்கு ஒரு நிறம், வலது பக்கம் நிற்பவருக்கு இன்னொரு நிறம். ஓஎல்இடி அழகு, ஆனால் இதற்கு வேண்டாம்: நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் ஸ்கோரும் பக்கவாட்டுப் படமும் அதில் தடமாகப் பதிந்துவிடும்.

இனி பரண். 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி பல வீடுகளில் இன்னும் துணி போர்த்திக் கிடக்கிறது. மேசைப் பெட்டிக்கு அது சரியான அளவு. பிக்சர் டியூபில் அந்தக் கால விளையாட்டு தெரிகிற மாதிரி எந்த எல்இடியிலும் தெரியாது. வரிகளுக்கு இடையே அந்த மெல்லிய இருட்டு, கொஞ்சம் கசியும் நிறம். 1980களின் டக் ஹண்ட் துப்பாக்கியும் அதில்தான் சுடும். எல்இடி முன்னால் அந்தத் துப்பாக்கி வெறும் பொம்மை. ஆனால் நான்கு விஷயம் பார்த்துக்கொள்.

முதலாவது, உயிர். டியூப் டிவிக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தேங்கி நிற்கும். இடம் மிச்சமாகும் என்று பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிப் பொருத்தச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துக் கை வைக்காதே. டிவியை டிவியாகவே உள்ளே வை. பழுது என்றால் பிக்சர் டியூப் காலத்து மெக்கானிக்கைக் கூப்பிடு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்துப் பகுதியில் எதுவும் இடிக்காதபடி பெட்டியின் ஆழத்தைக் கணக்கிடு. இரண்டாவது, இந்த டிவிகள் நம் நாட்டின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறைக்காகச் செய்தவை, நொடிக்கு 50. விளையாட்டுகள் 60. உன் டிவி என்டிஎஸ்சி சிக்னலையும் வாங்குமா என்று பார். வாங்காவிட்டால் படம் உருளும், இல்லை கறுப்பு வெள்ளையாக வரும். மூன்றாவது, மலிவான எச்டிஎம்ஐ–ஏவி கன்வெர்ட்டர் படத்தைக் குழப்பிவிடும். பை 3, பை 4 இரண்டிலும் ஆடியோ துளை வழியாகவே ஏவி வீடியோ வரும். அதற்கான கேபிளில் ஒயர் வரிசை சரியாக இருக்க வேண்டும். பை 5-ல் அந்தத் துளையே கிடையாது. நான்காவது, டியூபுக்குப் பக்கத்தில் சாதா ஸ்பீக்கர் வைத்தால் அதன் காந்தம் திரையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு போடும். காந்தம் கசியாத ஷீல்டட் ஸ்பீக்கர் வாங்கு, இல்லையென்றால் தள்ளி வை.

‘100 ஹெர்ட்ஸ்’ என்று முகத்தில் ஒட்டிய டியூப் டிவியை மட்டும் விட்டுவிடு. அது படத்தை உள்ளே வாங்கி இரட்டித்துக் காட்டுவது. எல்இடியின் தாமதமும் வரும், துப்பாக்கியும் சுடாது. 29 இன்ச் இலவசமாகக் கிடைத்தாலும் யோசி. 40 கிலோவுக்குப் பக்கம் வரும், கீழே சக்கரம் வைத்தாலும் பலகை தாங்க வேண்டுமே.

மற்றவை சின்னச் சின்னது. டிவியின் பின்னால் வேசா துளைகள் எந்த இடைவெளி, எந்த ஸ்க்ரூ என்று பார். நீளமான ஸ்க்ரூ பேனலையே குத்திவிடும். எச்டிஎம்ஐ துளை நேராகப் பின்னால் பார்த்திருந்தால் கேபிள் மடங்க இடம் விடு. படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா என்று பார்த்து ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’ போடு. திரைக்கு மேலே சூடு வெளியேற ஓட்டை விடு, கீழே காற்று நுழையவும் ஓட்டை. டிவி ஸ்பீக்கர் பெட்டிக்குள் முனகும். தனி ஆம்ப்ளிஃபயர் போடப் போகிறாய் என்பதால் சத்தத்துக்காக டிவியில் காசு கொட்டாதே.

பெரும்பாலோருக்கு என் தீர்ப்பு: நின்று ஆடும் பெட்டிக்கு 32 இன்ச் சாதா எல்இடி, ஐபிஎஸ் பேனல், கேம் மோட், கரண்ட் வந்ததும் தானாக எழும் பழக்கம். மேசைப் பெட்டிக்கு 19 இன்ச் சதுர மானிட்டர். டியூப் டிவி, இடமும் பொறுமையும் நல்ல மெக்கானிக்கும் உள்ளவர்களுக்கு மட்டும். கடைக்குப் போகும்போது ராஸ்பெர்ரி பையையும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு போ. அதை மாட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதே.