நூல் விட்டுப் பார்த்தால் வாய் திறப்போம்!



"மாதச் சேமிப்பை நூறிலிருந்து இருநூறா ஆக்கினா என்ன?" என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் பொதுவாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதியாகிவிடுகிறது. பிறகு வாசலில் நின்று முணுமுணுக்கிறோம்.

இப்படிக் கேட்பதைத்தான் 'நூல் விட்டுப் பார்ப்பது' என்கிறோம். முடிவு எடுக்கும் முன்னால் நாலு பேர் மனசு எப்படி என்று ஆழம் பார்ப்பது. இதில் தப்பே இல்லை. கேட்காமல் முடிவு செய்வதைவிட இது மேல். ஆனால் நாம் சும்மா இருந்தால் சம்மதம் என்று ஆகிவிடும்.

நம் ஊர்க் கதையையே பார்ப்போம். 2023 மார்ச் 29-ல் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏல அறிவிப்பு வெளியிட்டது. பழுப்பு நிலக்கரி எடுக்க நம் ஒரத்தநாடு பக்கத்து வடசேரியும் அதில் இருந்தது. மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்குப் பகுதிகளும் இருந்தன. வடசேரியோ 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் உள்ள ஊர்.

அது வெறும் பேச்சு இல்லை, முறையான அறிவிப்பு. ஆனாலும் விவசாயிகள் காத்திருக்கவில்லை, உடனே எதிர்த்தார்கள். ஏப்ரல் 4-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமன்றத்திலும் பேசப்பட்டது. ஏப்ரல் 8-ல் மூன்று இடங்களையும் ஏலத்திலிருந்து நீக்கச் சொல்லியிருப்பதாக மத்திய அமைச்சர் பிரலாத் ஜோஷி அறிவித்தார். பத்தே நாள்! ஏலம் முடிந்து ஒப்பந்தமும் போட்டிருந்தால் இவ்வளவு சுலபமாகத் திரும்பியிருக்குமா?

நம் குழுவில் என்ன செய்யலாம்?

1. யோசனை சொல்பவர், "இது யோசனைதான், முடிவு இல்லை" என்று முதலிலேயே சொல்லட்டும். லாபத்தோடு கஷ்டத்தையும் சொல்லட்டும்.

2. பேசாத உறுப்பினரை முதலில் கேட்போம். கூலி வேலைக்குப் போகிற அக்காவுக்கு இருநூறு கட்ட முடியுமா என்பது அவருக்குத்தான் தெரியும்.

3. ஒரு கூட்டத்தில் பேசி, அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வோம். வேண்டாம் என்றவர் சொன்ன காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.

4. கிராம சபையிலும் இதே பழக்கம் வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது.

நடவு முடிந்த பிறகு "நாத்து சரியில்லை" என்று சொல்லி என்ன பயன்? நாற்றங்காலில் இருக்கும்போதே சொல்லுவோம்!

கலந்து பேச: போன கூட்டத்தில் மனசுக்குள் 'வேண்டாம்' என்று நினைத்தும் சொல்லாமல் விட்டது எது? ஏன் சொல்லவில்லை?