ஒன்ட்ரைவை நீக்குவதா, அடக்கிவைப்பதா?

புது லேப்டாப் வந்த சில மாதங்களில் பல வீடுகளில் ஒரே புகார் கிளம்புகிறது: "இடம் நிரம்பிடுச்சு, பணம் கட்டுங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லுது." டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் பாதிகூட நிரம்பியிருக்காது. நிரம்பியிருப்பது மைக்ரோசாஃப்ட் தன் இணையச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவில் இலவசமாகத் தரும் 5 ஜிபி. அங்கே எதையும் போட்டதாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அவர்கள் போடவும் இல்லை, விண்டோஸ்தான் போட்டது.

விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முதலில் அமைக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் 'பேக்கப்' கேட்காமலே தொடங்கிவிடுவதை 2024-இல் பலர் கவனித்துக் குறைபட்டார்கள். நகலெடுத்து மேலே அனுப்புவதோடு அது நின்றிருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. அந்த ஃபோல்டர்களின் முகவரியையே அது மாற்றிவிடுகிறது. திரையில் தெரிவது பழைய டெஸ்க்டாப்தான். ஆனால் டிஸ்க்கில் அது இப்போது உங்கள் பெயரிலுள்ள ஃபோல்டருக்குள் இருக்கும் ஒன்ட்ரைவ் என்ற ஃபோல்டருக்குள் குடிபோயிருக்கும். எரிச்சலில் மென்பொருளைத் தூக்கியெறிகிறவர்கள் இதை அறியாமல்தான் மறுநாள் வெறும் டெஸ்க்டாப்பைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

ஒன்ட்ரைவை நீக்குவது இரண்டு நிமிட வேலை. உங்கள் ஃபைல்களின் ஒரே பிரதி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நேரம் பிடிக்கும். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதும் அதைப் பொறுத்ததே.

முதலில் குறிகளைப் பாருங்கள்

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒன்ட்ரைவ் ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் ஒரு சின்னக் குறி இருக்கும். வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இருக்கிறது. பச்சை நிரம்பிய வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் எப்போதும் இங்கேயே இருக்கும்படி நீங்களே சொல்லிவைத்தது. நீல மேகக் குறிதான் ஆபத்து. அந்த ஃபைலின் பெயர் மட்டும்தான் உங்கள் கணினியில் இருக்கிறது, உள்ளடக்கம் முழுக்க மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில். 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி இது. சிறிய டிஸ்க் உள்ளவர்களுக்கு உண்மையிலேயே உபயோகமானது, நீக்கும் நாளில் மட்டும் கண்ணிவெடி. கணக்கைத் துண்டித்ததும் நீல மேகங்கள் எல்லாம் கணினியிலிருந்து மறைந்துவிடும். அழிந்துபோகாது, இணையதளத்தில் இருக்கும். ஆனால் பத்து வருடக் கல்யாண ஃபோட்டோக்கள் ஒரு நொடியில் காணாமல் போனதைப் பார்ப்பவரிடம் அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லிப் பாருங்கள்!

ஆகவே எந்த வழியானாலும் முன்வேலை ஒன்றுதான். ஒன்ட்ரைவ் ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். எல்லாம் பச்சையாகும்வரை கணினியை விட்டுவிடுங்கள். மெதுவான இணைப்பில் ஓர் இரவு முழுக்கக்கூட ஆகலாம். பிறகு மொத்தத்தையும் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். காப்பி, கட் அல்ல. ஒன்ட்ரைவ் இயங்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஃபோல்டரிலிருந்து ஒன்றை வெளியே நகர்த்தினால், நீங்கள் அழித்துவிட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். சர்வரிலும் அழியும், அதே கணக்கில் இணைந்த மகளின் லேப்டாப்பிலும் அழியும். தனிநபர் கணக்கின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும், தொட்டி நிரம்பிவிட்டால் அதற்கு முன்பே போய்விடலாம்.

வாயை மட்டும் அடைப்பது

டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள மேகத்தைத் தொட்டு, சிங்க்கை 2, 8 அல்லது 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் ஒன்ட்ரைவை முடக்கினால், கணினி தொடங்கும்போது கூடவே எழாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்கு இது தீர்வே அல்ல. ஃபோல்டர்களின் முகவரி மாறியபடியேதான் இருக்கும், ஒன்ட்ரைவ் ஓடாதபோது மேகக் குறியுள்ள ஃபைல்கள் திறக்கவும் திறக்காது. தொந்தரவு அடங்கியதாகத் தோன்றும், அவ்வளவுதான்.

ஃபோல்டர்களை மட்டும் விடுவிப்பது

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். டாஸ்க்பார் மேகத்தைத் தொட்டு, பற்சக்கரக் குறி வழியாக 'செட்டிங்ஸ்' போங்கள். 'சிங்க் அண்ட் பேக்கப்' பகுதியில் 'மேனேஜ் பேக்கப்' திறந்தால் ஃபோல்டர்களின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச்சோடு தெரியும். ஒவ்வொன்றாக அணையுங்கள்.

அணைத்ததும் டெஸ்க்டாப் காலியாகி, உங்கள் ஃபைல்கள் எங்கே என்று சொல்லும் ஒரு ஷார்ட்கட் மட்டும் நிற்கலாம். பயப்பட வேண்டாம். பழைய ஃபைல்கள் ஒன்ட்ரைவ் ஃபோல்டருக்குள்ளிருக்கும் டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன. அங்கிருந்து காப்பி செய்து புது டெஸ்க்டாப்பில் போடுங்கள். டாக்குமென்ட்ஸுக்கும் பிக்சர்ஸுக்கும் அதேபோல. எண்ணிக்கையும் அளவும் இரண்டு பக்கமும் பொருந்துகின்றனவா என்று 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீட்டைச் சோம்பேறித்தனத்தால் தவிர்க்காதீர்கள்.

இதன் அழகு என்னவென்றால், ஒன்ட்ரைவ் ஒரு சாதாரண ஃபோல்டராகச் சுருங்கிவிடுகிறது. அதில் நீங்கள் போடுவது மட்டும்தான் மேலே போகும். பட்டா நகல், ஆதார், மதிப்பெண் பட்டியல் மாதிரி நான்கைந்து ஸ்கேன்களை அதில் வைத்துக்கொண்டால் 5 ஜிபி ஆயுளுக்கும் போதும். வெளியூரில் மொபைலிலிருந்து எடுக்கவும் வசதி.

ஒரு ஓட்டை மட்டும் மிச்சமிருக்கும். வேர்டும் எக்ஸெலும் புது ஃபைலைச் சேமிக்கும்போது முதலில் ஒன்ட்ரைவையே காட்டும். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' என்று போய் 'சேவ் டு கம்ப்யூட்டர் பை டிஃபால்ட்' என்பதை டிக் செய்தால் அதுவும் அடைபடும்.

கணக்கைத் துண்டிப்பது

ஒன்ட்ரைவே வேண்டாம், ஆனால் கணினியைக் கிளறவும் விருப்பமில்லை என்பவர்களுக்கு இது. மேலே சொன்னபடி ஃபோல்டர்களை விடுவித்த பிறகு, அதே செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்' பகுதியில் 'அன்லிங்க் திஸ் பிசி' இருக்கும். அழுத்தினால் சிங்க் முற்றிலும் நின்றுவிடும். டிஸ்க்கில் இருந்தவை டிஸ்க்கிலும், சர்வரில் இருந்தவை சர்வரிலும் தனித்தனியே தங்கும். இனி ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கம் அழியாது. மனம் மாறினால் மறுபடி உள்நுழையலாம். நீக்குவதன் பலனில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. அப்படியே ஸ்டார்ட்அப்பிலும் முடக்கிவிட்டால், 'உள்நுழையுங்கள்' என்று அது கூப்பிடுவதும் நின்றுபோகும்.

அடியோடு நீக்குவது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்குத் தனி வித்தை எதுவும் தேவையில்லை. 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', அதில் மைக்ரோசாஃப்ட் ஒன்ட்ரைவ், 'அன்இன்ஸ்டால்'. ரேம் 4 ஜிபி மட்டுமே உள்ள பழைய கணினி, பலர் மாறி மாறி உட்காரும் கணினி, யாராவது தெரியாமல் உள்நுழைந்துவிடுவார்களோ என்ற கவலை. இந்த நிலைகளில் இதைத் தேர்ந்தெடுப்பது நியாயம். ஆனால் வரிசை மாறக்கூடாது: விடுவித்தல், துண்டித்தல், பிறகே நீக்குதல். நேரடியாக நீக்கினால் மென்பொருள் போய்விடும், ஆனால் டெஸ்க்டாப்பின் முகவரி ஒன்ட்ரைவ் ஃபோல்டருக்குள்ளேயே இருந்துவிடலாம். அப்படி ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் டாக்குமென்ட்ஸை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்', 'ரெஸ்டோர் டிஃபால்ட்' என்று போய் முகவரியை மீட்கலாம். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்.

நீக்கியது நிரந்தரம் என்றும் நம்ப வேண்டாம். பெரிய விண்டோஸ் அப்டேட்டோ புதிதாகப் போடும் ஆஃபிஸோ அதைத் திரும்பக் கொண்டுவரலாம். வந்தாலும் உள்நுழையாதவரை எதையும் எடுத்துப்போகாது.

வரவே கூடாது என்கிறவர்களுக்கு விண்டோஸ் ப்ரோவில் குரூப் பாலிசி இருக்கிறது. ஃபைல் சேமிப்புக்கு ஒன்ட்ரைவைத் தடுக்கும் அமைப்பு அதில் உண்டு. ஹோம் பதிப்பில் அந்தக் கருவி இல்லை, ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க வேண்டும். அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது சரி. வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. விண்டோஸைச் 'சுத்தம்' செய்வதாகச் சொல்லி இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்ட்களுக்கும் அதே பதில், இன்னும் அழுத்தமாக. அட்மின் அதிகாரத்தில் ஓடும் அவை ஒன்ட்ரைவோடு வேறு எதையெல்லாம் பிடுங்கும் என்பதை ஓட்டுகிறவர் படித்துப் பார்ப்பதே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்ட்ரைவ் மேல் உள்ள கோபத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கையே மூடிவிடாதீர்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகியிருக்கும். அதைத் திறக்கும் ரெகவரி கீ பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். ஒருநாள் கணினி அந்த எண்ணைக் கேட்டு நின்றால் வேறு வழியில்லை. முதலில் அதை எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். இன்னொன்று விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட்களை இலவசமாகப் பெறும் வழிகளில் ஒன்று, கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சிங்க் செய்வது. அந்த வழியில் போனவர்கள் ஃபோல்டர்களை விடுவிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மற்றவை

கூகுள் ட்ரைவ், டிராப்பாக்ஸ் இரண்டும் இவ்வளவு பிடிவாதக்காரர்கள் அல்ல. நீங்களே போட்டவை, நீக்கினால் போய்விடும். கூகுள் ட்ரைவ் 'ஸ்ட்ரீம்' முறையில் இருந்தால் தனி ட்ரைவ் எழுத்தோடு தெரியும். அதிலுள்ள ஃபைல்கள் பெரும்பாலும் கணினியில் இல்லை என்று அர்த்தம். 'மிரர்' என்றால் பிரதி இங்கே இருக்கிறது. மேலே ஏறாமல் பாக்கி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் துண்டியுங்கள். டிராப்பாக்ஸில் 'ஆன்லைன் ஒன்லி' என்று குறித்தவற்றை மட்டும் முதலில் இறக்கிக்கொண்டால் போதும். அதன் இலவச இடம் 2 ஜிபிதான் என்பதால் வேலை சீக்கிரம் முடியும்.

ஒன்ட்ரைவின் அதே கதை ஆப்பிளிலும் உண்டு. 2016-இல் வந்த மேக்ஓஎஸ் சியரா முதல் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ஐகிளவுடுக்குள் வைக்கலாம். அணைத்தால் மேக்கிலும் டெஸ்க்டாப் காலியாகும், ஃபைல்கள் ஐகிளவுட் ட்ரைவுக்குள் இருக்கும். கணக்கிலிருந்து வெளியேறும்போது பிரதி வேண்டுமா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியவர்கள்

வீட்டில் எக்ஸ்டெர்னல் டிஸ்க் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை, வாங்கினாலும் மாதம் ஒருமுறை செருகப்போவதில்லை. அப்படியானால் ஒன்ட்ரைவை எடுக்காதீர்கள். கோபத்தை விழுங்கிக்கொண்டு அதையே பயன்படுத்துங்கள். எஸ்எஸ்டி செயலிழக்கும் முன் பெரும்பாலும் முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் இதே ஆலோசனைதான். குடும்பத் திட்டத்தில் ஆறு பேர்வரை தலைக்கு 1 டிபி வருகிறது. பணம் கட்டிவிட்டு அந்த இடத்தைச் சும்மா போடுவானேன்.

கடைசி வேலை

மென்பொருளை எடுத்துவிட்டதால் சர்வரில் உள்ளது குறையாது. 5 ஜிபி அங்கே நிரம்பியே இருக்கும். அவுட்லுக்.காம் மெயில் பயன்படுத்துகிறவர்களுக்கு இது தலைவலி. 2023 முதல் அந்த மெயிலின் இணைப்புகளும் இதே இடக் கணக்கில் சேர்கின்றன, வரம்பு மீறினால் மெயில் வருவதும் போவதும் நின்றுவிடும். எல்லாக் கணினிகளையும் துண்டித்து, ஹார்ட் டிஸ்க் பிரதியைத் திறந்து சோதித்த பிறகு, பிரௌசர் வழியே ஒன்ட்ரைவ் தளத்தில் நுழைந்து வேண்டாதவற்றை அழியுங்கள். மொபைலில் ஒன்ட்ரைவ் ஆப் இருந்தால் அதில் 'கேமரா பேக்கப்' அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினி காலி செய்த இடத்தை அடுத்த வாரமே ஃபோன் நிரப்பிவிடும்.