எடை தூக்குபவருக்கு ஒரு எக்ஸெல் கணக்கு

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு முதுகும் இடுப்பும் என்ன பாடு படும் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் டிடிபி சென்டர் நடத்தும் எனக்கு, 44 வயதில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொன்னார். "மாதம் ஒரு கிரிவலம் மட்டும் போதாது, தசைக்கும் வேலை கொடுங்கள்" என்றார். ஜிம்மில் சேர்ந்தேன். தொழில் பழக்கம் விடுமா? முதல் நாள் இரவே எக்ஸெல்லில் ஒரு ஃபைலைத் திறந்துவிட்டேன். அந்த ஃபைலில் இருந்த ஒரு தவறு பின்னால் என் வலது தோளை ஆறு வாரம் முடக்கிப் போட்டது. அப்படி நேராத வகையில் ஃபைலை எப்படி அமைப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கிலும் இதையே செய்யலாம்.

முதலில் பயிற்சி முறையைப் பற்றிக் கொஞ்சம். நான் செய்வது 'ஹை இன்டென்சிட்டி ட்ரெயினிங்' எனப்படும் முறை. ஓடி, நின்று, மறுபடி ஓடும் பயிற்சிக்கும் ஏறக்குறைய இதே பெயர் உண்டு, அது வேறு. இதைப் பரப்பியவர் ஆர்தர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர். 1970-ல் நாட்டிலஸ் என்ற உடற்பயிற்சி இயந்திரங்களை விற்பனைக்குக் கொண்டு வந்தவர். அவர் சொன்னது இதுதான்: ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே ஒரு செட். ஆனால் அந்த செட்டில் இனி ஒரு முறைகூடத் தூக்க முடியாது என்ற நிலை வரும் வரை நிதானமாகச் செய்ய வேண்டும். பிறகு நல்ல ஓய்வு. 8 முதல் 12 ரெப்ஸ் வரை வருகிற எடையை எடுத்துக் கொள்வார்கள். 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைச் சுமார் 5 சதவீதம் கூட்டுவார்கள்.

இந்த முறையில் குறிப்பேடு இல்லாமல் ஒன்றும் நடக்காது. போன தடவை எத்தனை கிலோ, எத்தனை ரெப்ஸ் என்று தெரியாவிட்டால் இன்று என்ன போடுவது? நாலு செட், ஐந்து செட் போடுகிறவர் ஞாபகத்திலேயே சமாளித்துவிடலாம். ஒரே செட்காரருக்கு அந்த ஒரு வரிதான் எல்லாம். (இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.)

காணாமல் போன 12 கிலோ

என் முதல் ஃபைலில் நான்கு காலம்தான்: தேதி, பயிற்சி, எடை, ரெப்ஸ். பெஞ்ச் பிரஸ் வரிசையில் பத்து மாதத்தில் '60 கிலோ, 10 ரெப்ஸ்' வரை வந்துவிட்டேன். அந்த 60-ஐ எப்படிக் கணக்குப் போட்டேன்? பத்து பத்தாக நாலு தட்டு, 40 கிலோ. ராடு 20 கிலோ என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அதைக் கூட்டிக் கொண்டேன்.

பிறகு வேறொரு ஜிம்முக்கு மாறினேன். அங்கே இருந்தது நிஜமான ஒலிம்பிக் ராடு. போட்டிக்கான ஆண்கள் ராடு 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ எடை; பெண்களுக்கானது 15 கிலோ. அதில் நாலு பத்துக் கிலோ தட்டுகளை மாட்டிப் படுத்தேன். இரண்டு ரெப்ஸ் ஏறியது. மூன்றாவது நெஞ்சுக்கு மேலே பாதியில் நின்றது. "என் ஃபைலில் பத்து இருக்கிறதே" என்று வீம்பாக ஒரு பக்கம் சாய்த்துத் தள்ளினேன். தோளில் சுருக்கென்றது. கூட நின்ற என் அக்கா மகன் ராடைப் பிடித்துத் தூக்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! ஆறு வாரம் சட்டை மாட்டுவதற்கே வீட்டில் ஒருவர் உதவி வேண்டியிருந்தது.

அந்த ஓய்வுக் காலத்தில்தான் விஷயம் வெளிவந்தது. பழைய ஜிம்மை மூடினார்கள். ராடு, தட்டுகளைக் கிலோ கணக்கில் தருவதாக மாஸ்டர் சொல்லவே, வீட்டுப் பின்கட்டில் போட்டுக் கொள்ளலாம் என்று வாங்கப் போனேன். பக்கத்து மணிலா மண்டியின் எலெக்ட்ரானிக் தராசில் ஏற்றினோம். 10 கிலோ என்று பொறித்திருந்த ஒரு ஜோடித் தட்டு 18.6 கிலோ. இன்னொரு ஜோடி 20.4. ராடு வெறும் 8.9. மொத்தம் 47.9 கிலோ!

"ஏன் மாமா, தூக்கும்போது 60, விலைக்கு வாங்கும்போது 48-ஆ?" என்றான் மருமகன். மண்டிக்காரர் சிரித்துவிட்டார்.

தராசு கிடைக்காவிட்டாலும் ராடின் எடையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. கட்டட வேலையில் கம்பி எடை பார்க்கும் கணக்கு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 28 மில்லிமீட்டர் ராடுக்கு 4.84 கிலோ. ஆறடி என்பது 1.83 மீட்டர். பெருக்கினால் 8.86. தராசு சொன்னதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் ஒரே கனமாக உள்ள ராடுக்கு மட்டுமே இந்தக் கணக்குப் பொருந்தும். நுனி பெருத்திருக்கும் ஒலிம்பிக் ராடுக்குப் பொருந்தாது.

முதல் ஷீட்: கருவி

ஆகவே பயிற்சிக்கு முன்னால் கருவிக்கு ஒரு ஷீட் தேவை. புதிய ஃபைலில் முதல் ஷீட்டின் டேபில் ரைட் க்ளிக் செய்து 'ரீநேம்' மூலம் 'கருவி' என்று பெயரிடுங்கள். ஏ காலத்தில் குறி (ரா1, ஜோ1, ஜோ2 என்று), பி-யில் பெயர், சி-யில் பொறித்த எடை, டி-யில் நிஜ எடை, இ-யில் வாங்கிய தேதி, எஃப்-பில் கடைசியாகச் சோதித்த தேதி. தட்டுகளை ஜோடியாகவே பதியுங்கள். அதே குறியைத் தட்டின் மேலும் பெயின்டால் எழுதிவிடுங்கள். கடைசி வரியில் 'இல்லை' என்று ஒரு கருவி. அதன் எடை 0. ஏன் என்று பிறகு புரியும்.

இரண்டாவது ஷீட்: பயிற்சி

ஏ தேதி, பி பயிற்சி, சி ராடு, டி முதல் ஜோடி, இ இரண்டாம் ஜோடி, எஃப் மொத்த எடை, ஜி ரெப்ஸ், எச் நின்ற விதம், ஐ மதிப்பீடு, ஜே குறிப்பு. இதில் எடையை நீங்கள் டைப் செய்யவே கூடாது. கருவியின் குறியைக் கொடுத்தால் எடையை எக்ஸெல் எடுத்துத் தர வேண்டும்.

அதற்குத்தான் 'வீலுக்கப்' ஃபார்முலா. அது நான்கு கேள்விகள் கேட்கும். எதைத் தேட வேண்டும்? சி2 செல்லில் உள்ள குறியை. எங்கே? கருவி ஷீட்டில் ஏ முதல் டி வரை. விடை எத்தனையாவது காலத்தில்? நான்காவது. நான்காவது கேள்வியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அச்சாகப் பொருந்த வேண்டும் என்பதற்கு அங்கே 0 கொடுக்க வேண்டும். வெறுமனே விட்டால், வரிசைப்படுத்தாத டேபிளில் ஏதோ ஒரு பக்கத்து எடையை எடுத்துக் கொடுத்துவிட்டு எக்ஸெல் சும்மா இருந்துவிடும். தப்பு என்றுகூடத் தெரியாது. டேபிளின் எல்லையைக் குறித்ததும் எஃப்4 கீயைத் தட்டி டாலர் குறிகளைப் போட்டுக் கொண்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது எல்லை நகராது.

எஃப்2-வில் சி2, டி2, இ2 மூன்றுக்கும் மூன்று வீலுக்கப் எழுதி பிளஸ் குறியால் இணையுங்கள். ஒரே ஜோடி மாட்டும் நாளில் இ-யில் 'இல்லை' என்று போடுங்கள். காலியாக விட்டால் பிழைச் செய்தி வரும். அதை மறைக்க 'இஃப்எரர்' ஃபார்முலாவைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், குறியைத் தப்பாக டைப் செய்தாலும் அது சேர்த்து மறைத்துவிடும்.

எச் காலத்துக்கு டேட்டா டேபில் 'டேட்டா வேலிடேஷன்' சென்று 'லிஸ்ட்' தேர்ந்தெடுத்து மூன்றே சொற்களைக் கொடுங்கள்: தோல்வி, நிறுத்தம், உதவி. கால்க்கில் இதன் பெயர் 'வேலிடிட்டி'. 'தோல்வி' என்றால் உண்மையாகவே இனி ஏறாது என்ற நிலை. 'நிறுத்தம்' என்றால் நாமாக நிறுத்தியது. 'உதவி' என்றால் கடைசி ரெப்பில் இன்னொருவர் கை பட்டது. என் பழைய ஃபைலைக் கிளறிப் பார்த்தால் அந்தப் பத்து ரெப்ஸில் எத்தனை மாஸ்டருடைய விரல்களால் ஏறியதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

ஐ காலத்தில் எப்லி என்பவரின் ஃபார்முலா. ரெப்ஸை 30-ஆல் வகுத்து, 1-ஐக் கூட்டி, எடையால் பெருக்கினால், ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்கலாம் என்ற மதிப்பீடு கிடைக்கும். 40 கிலோவில் 10 ரெப்ஸ் என்றால் 53.3. 45 கிலோவில் 7 என்றால் 55.5. ரெப்ஸ் குறைந்தாலும் பலம் கூடியிருக்கிறது என்று உடனே தெரிகிறது. பத்து ரெப்ஸுக்கு மேல் போனால் இந்தக் கணக்கை அதிகம் நம்ப வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து என் பழைய எண்ணை இதில் போட்டுப் பார்த்தேன். 47.9 கிலோ, 10 ரெப்ஸ்: மதிப்பீடு 63.9. அப்படியானால் நிஜமான 60 கிலோவை எத்தனை முறை தூக்கியிருக்க முடியும்? இரண்டு. அன்றைக்கு ஏறியதும் சரியாக இரண்டுதான்!

கருவி ஒன்றாக இருந்தால் எண் எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதற்குப் பக்கத்து வேலூரிலேயே உதாரணம் இருக்கிறது. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, க்ளீன் அண்ட் ஜெர்க் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்டில் 144, 173, ஆக 317 கிலோ, அதுவும் தங்கம். 11 கிலோ குறைந்தது என்று நாம் துணிந்து சொல்ல முடிகிறது. ஏனென்றால் இரண்டு இடத்திலும் 20 கிலோ ராடு 20 கிலோதான்.

எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 1973-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஆர்தர் ஜோன்ஸ் நடத்திய சோதனையில் கேசி வயேட்டர் என்ற வீரர் 28 நாளில் சுமார் 20 கிலோ எடை கூடினார் என்று பெரிய விளம்பரம் ஆனது. அவர் விபத்தாலும் உடல்நலக் குறைவாலும் மெலிந்திருந்தவர். இழந்த தசையைத் திரும்பப் பெற்றவர். கிராஃபைக் கீழே விழுந்த இடத்திலிருந்து வரைந்தால் எல்லோருமே ராக்கெட்தான். தோள் சரியானபின் நான் பெற்ற 'முன்னேற்றமும்' அப்படியே. அதனால் பழைய வரிகளை அழிக்காமல், நிஜ எடைக்கு மாற்றி வைத்துக் கொண்டேன்.

தேதியில் ஒரு பொறி

கிராஃப் வரைந்தால் கோடு முன்னும் பின்னும் ஓடுகிறதா? தேதியைப் பாருங்கள். விண்டோஸில் ரீஜன் அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 05/04 என்று நீங்கள் அடிக்கும் ஏப்ரல் 5 மே 4 ஆகிவிடும். 13/04 தேதியாகவே ஏறாது, எழுத்தாக நின்றுவிடும். செல்லில் இடப்பக்கம் ஒட்டியிருந்தால் எழுத்து, வலப்பக்கம் இருந்தால் தேதி. ரீஜனை 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று மாற்றிவிட்டு, தவறிய தேதிகளைத் திரும்ப அடிப்பதே பத்திரம்.

தேதி சரியாக இருந்தால்தான் கிராஃபில் இடைவெளிகள் இடைவெளியாகத் தெரியும். எங்கள் ஊரில் கார்த்திகை தீபத் திருவிழாவின் பத்து நாளும் கடை, தெரு, வீடு எல்லாம் கூட்டம். பயிற்சியாவது ஒன்றாவது! அந்தப் பள்ளத்துக்குப் பின் மதிப்பீடு விழவில்லை, பல வருடங்களில் ஏறியே இருந்தது. ஓய்வு கெடுதல் அல்ல என்று அதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

குறிப்புக் காலத்தில் 'பௌர்ணமி' என்று எழுதி வந்ததிலும் ஒரு பலன். ஃபில்டர் போட்டுப் பார்த்தபோது, 14 கிலோமீட்டர் வெறுங்காலில் கிரிவலம் போன மறுநாளும் அதற்கடுத்த நாளும் செய்த ஸ்குவாட் எல்லாமே இரண்டு மூன்று ரெப்ஸ் குறைவு. வயதாகிறது என்று நினைத்துக் கொண்டிருந்தேன். இப்போது கால் பயிற்சியை மூன்று நாள் தள்ளி வைக்கிறேன். குறைவதில்லை.

கருவி தேய்வதையும் பாருங்கள்

கருவி ஷீட்டுக்குத் திரும்புவோம். ஜி காலத்தில் 'கவுன்ட்இஃப்' போட்டு, பயிற்சி ஷீட்டின் தேதிக் காலத்தில் எஃப்2-வில் உள்ள தேதிக்குப் பிந்தைய வரிகள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். 'பெரியது' குறியை மேற்கோள் குறிகளுக்குள் போட்டு, ஆம்பர்ஸண்டால் எஃப்2-வுடன் ஒட்ட வேண்டும். பிறகு கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் 60-ஐத் தாண்டினால் சிவப்பு என்று வைத்தேன். சிவப்பு வந்தால் பெஞ்ச் போல்ட்டை முறுக்கிப் பார்ப்பேன். தட்டை நிறுத்தும் லாக்கின் ஸ்க்ரூவைப் பார்ப்பேன். புல்லி கேபிளின் இணைப்பு அருகே ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுவேன். பார்த்து முடித்ததும் எஃப்-பில் அன்றைய தேதி. சிவப்பு தானே போய்விடும். போன மழைக்காலத்தில் இப்படிப் பார்த்தபோதுதான் ஒரு லாக்கின் மரை முழுக்கத் தேய்ந்திருப்பது தெரிந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இறுக்கமாகவே இருந்தது.

தோல்வி வரை போகிற செட்டை, அதிலும் பெஞ்சில் படுத்துச் செய்வதை, தனியாகச் செய்யாதீர்கள். என் குறிப்புக் காலத்தில் உடன் இருந்தவர் பெயரும் ஒரு சொல்லாக ஏறிவிடும். பெயர் இல்லாத நாளில் எச் காலத்தில் 'நிறுத்தம்' மட்டுமே இருக்கும்.

நிஜமான 60 கிலோ இன்னும் என் ஷீட்டில் வரவில்லை. போன வாரக் கடைசி வரி: 55.4 கிலோ, 8 ரெப்ஸ், தோல்வி, உடன் மருமகன்.