கடல் சாமந்தி நடக்க ஆரம்பித்தால்...



ராத்திரி லைட்டை அணைச்சிட்டுப் படுக்கிறீங்க. காலையில பார்த்தா, டேங்க் நடுவுல பாறை மேல இருந்த கடல் சாமந்தி அங்கே இல்லை. வலது மூலைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. பூ மாதிரி இருக்கிறது நடக்குமா? நடக்கும். அது பூ இல்லை, பவளத்துக்குச் சொந்தக்கார விலங்கு. அடியில் இருக்கும் தசைப் பாதத்தால் மெதுவா ஊர்ந்து போகும்.

என் வீட்டில் போன கோடையில் நடந்ததைச் சொல்றேன். சாமந்தி ரெண்டு நாளா இடம் மாறிக்கிட்டே இருந்தது. "அழகா நடக்குதே"ன்னு வீடியோ எடுத்தேன். மூணாவது நாள் ராத்திரி கரண்ட் போச்சு. வேவ்மேக்கர் நின்னதும் அது போய் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கு. கரண்ட் திரும்பி வந்ததும் விசிறி சுற்றியது. காலையில தண்ணி பால் மாதிரி இருந்தது. கிழிந்த உடல் அழுகி அம்மோனியா ஏறியதில் ரெண்டு கோமாளி மீனும் போச்சு. அந்தத் தப்பை நீங்க செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

ஏன் நடக்குது?

நம்ம பாஷையில் சொன்னா, சாமந்தி ஒரு சென்சார். அதன் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவு தருகின்றன. அதனால் வெளிச்சம் போதாவிட்டாலும், திடீரென்று அதிகமானாலும் இடம் தேடும். நீரோட்டம் சரியில்லை, பாதத்தைப் பதிக்கப் பிளவு இல்லை, தண்ணீரின் தரம் மாறிவிட்டது என்றாலும் கிளம்பும். நிலைமை பிடித்த இடத்தில் நிற்கும். ஆகவே அதை இழுத்துப் பழைய இடத்தில் வைப்பது, தெர்மாமீட்டரின் முள்ளைக் கையால் திருப்பி வைப்பது போலத்தான். மாற்ற வேண்டியது இன்புட்டை.

நம்ம ஊர்க் கணக்கு

100 லிட்டர் டேங்க், உப்பு லிட்டருக்கு 35 கிராம். மொத்தம் 3,500 கிராம். காரைக்கால் வெயிலில் 5 லிட்டர் ஆவியாகிவிட்டால், தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. 3,500-ஐ 95-ஆல் வகுங்க: கிட்டத்தட்ட 36.8. இன்னும் 5 லிட்டர் போனால் 38.9. குறைந்த நீரை ஈடுகட்ட உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு இன்னும் ஏறும். ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றணும், அதுவும் தினமும் கொஞ்சமா. சூட்டைக் குறைக்க மேலே ஃபேன் வைத்தால் ஆவியாவது கூடும், அதையும் கணக்கில் சேர்த்துக்கோங்க. வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரை இருக்கட்டும்.

"பீச் பக்கத்துலதானே இருக்கு, கடல் தண்ணியே எடுத்துக்கலாமே?" வேண்டாம். அரசலாறு நம்ம பீச் ஓரமாத்தான் கடலில் கலக்குது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் கலந்து உப்பு இறங்கும், சேறும் வரும்.

நடக்கும்போது செய்ய வேண்டியவை

1. முதல் வேலை பம்ப். உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச், வேவ்மேக்கருக்கு வலை மூடி. சாமந்தி வாங்கும் முன்பே மாட்டிடுங்க. கரண்ட் போய் வந்தால், வேவ்மேக்கர் தானா ஓட விடாதீங்க. பார்த்துட்டு ஸ்விட்ச் போடுங்க. அதுவரை பேட்டரி ஏர் பம்ப் ஓடட்டும்.

2. உப்பு, வெப்பம், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் எல்லாத்தையும் அளங்க. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா இருக்கணும். ஒரே நாளில் எல்லாத்தையும் மாற்றாதீங்க.

3. பிடித்து இழுக்காதீங்க. பாதம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். ஆபத்தான இடத்தில் இருந்தால் ஒட்டியிருக்கும் பாறையோடு தூக்குங்க. கண்ணாடியில் இருந்தால் விரலால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமா நெகிழ்த்துங்க. கையுறை போடுங்க, கொட்டும்.

4. வழியில் இருக்கும் மற்ற உயிர்களைத் தள்ளி வையுங்க. சாமந்தி தொட்டால் அவற்றுக்குக் காயம்.

5. ஒரு இடத்தில் நின்னுடுச்சா? அது உங்களுக்குப் பிடிக்காத மூலையா இருந்தாலும் விட்டுடுங்க.

6. வாய் பிளந்து, உடல் கரைந்து, நாற்றம் வந்தால் உடனே வெளியே எடுங்க. தண்ணீரை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்க.

வாங்கும் முன்

புது டேங்கில் சாமந்தி வேண்டாம். ஆறு மாதமாவது ஓடி நிலைப்படட்டும். குமிழ்முனைச் சாமந்தி தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும், அப்படிப் பெருகியதைக் கேட்டு வாங்குங்க. கோமாளி மீனுக்குச் சாமந்தி கட்டாயமில்லை, தொட்டியில் அது இல்லாமலேயே நல்லா வாழும். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சியாளர்கள் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். ஆகவே கடலிலிருந்து பிடித்த மீனும் தேவையில்லை. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி எதையும் எடுக்கக்கூடாது. கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பாறைக்குச் செயற்கைக் கல்லே போதும்.

கடைசியா ஒன்று. ஸ்காட்லாந்தில் 1828-இல் ஜான் டாலியல் என்ற இயற்கையியலாளர் கடற்கரையில் எடுத்த ஒரு சாமந்தியை ஜாடியில் வளர்த்தார். அவர் இறந்த பிறகும் மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். 'கிரானி', அதாவது பாட்டி என்று பெயர். 1887 வரை உயிரோடு இருந்தது. ஜாடியில் 59 வருஷம்! அது குளிர்க்கடல் வகை, நம்முடையது வேறு. இருந்தாலும் தண்ணீரை ஒழுங்கா மாற்றினால் இந்த உயிர் எவ்வளவு காலம் வாழும் என்று தெரியுதில்ல?

என்னுடையது பதினோரு மாசம்தான் இருந்தது. உங்க டேங்க்கில் வேவ்மேக்கருக்கு மூடி இருக்கா? இன்னைக்கே பார்த்துடுங்க.